தவணையைக் கணக்கிடும் நாம் வண்டியைக் கணக்கிடுகிறோமா?

பெங்களூரு நீலசந்திராவின் தெருக்கள் கார்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஒரு பக்கம் ஆஸ்டின் டவுன், இன்னொரு பக்கம் விவேக்நகர், அதைத் தாண்டினால் ஈஜிபுரா என்று நெருக்கியடித்து அமைந்த இப்பகுதியில், தமிழும் உருதும் கன்னடமும் ஒரே கடை வாசலில் ஒலிக்கின்றன. காய்கறித் தள்ளுவண்டியும் பள்ளிக்கூட ஆட்டோவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கடக்கவே இடம் போதாத சந்துகளில், வீட்டுச் சுவரோடு ஒட்டியபடி கார்கள் நிற்கின்றன. ஒரு பக்கச் சக்கரங்கள் சாக்கடை மூடியின்மேல், மறுபக்கச் சக்கரங்கள் சாலையில். அவற்றில் பெரும்பாலானவை ஒரு குடும்பம் முதன்முதலாக வாங்கிய கார்கள். பெரும்பாலானவற்றுக்கு வங்கியில் கடன் இருக்கிறது. அந்தக் கடனுக்கு மாதந்தவறாமல் தவணை செலுத்தப்படுகிறது. வண்டிக்கு அந்த ஒழுங்கு கிடைக்கிறதா என்பதுதான் நமது கேள்வி.

கார் வாங்க நினைக்கும் ஒருவர் வங்கிக்கு வரும்போது கேட்பவை நமக்கு மனப்பாடம். வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டு, மாதத் தவணை எவ்வளவு? அதோடு பெட்ரோல் செலவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். நான்கு டயர்கள் நான்காண்டுக்கு ஒருமுறையோ ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ மாற்றப்பட வேண்டியவை என்பதும், பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே ஆயுள் என்பதும், கிளட்ச் தேயும் என்பதும், காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுதோறும் வரும் என்பதும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. பிறகு அவை ஒவ்வொன்றும் எதிர்பாராத செலவாக வந்து நிற்கும்போது கடன் அட்டையைத் தேய்க்கிறோம். தேதி தெரிந்த செலவை எதிர்பாராத செலவு என்று அழைப்பது சரியன்று. தவணைக்கு ஒதுக்கும் அதே நாளில், அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியொரு தொடர் வைப்பில் போட்டு வைப்பது நல்லது என்பது நமது கருத்து. இந்த விகிதம் எந்த நூலிலும் இல்லை. வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் பெயரில் தனியாக ஒரு தொகை சேர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

கார் வைத்திருப்பவரே அதன் பழுதையும் பார்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. உண்மையில் காரின் முதல் நெடும்பயணமே அப்படித்தான் நடந்தது. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ப்ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவு, வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பி உராய்ந்தது; காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார். பிரேக் கட்டை தேய்ந்தது; வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். எரிபொருளை வாங்கியது ஒரு மருந்துக் கடையில். அந்தத் தோல்தான் பிரேக் லைனிங்கின் தொடக்கம் என்று இன்றும் சொல்வதுண்டு.

நம் பக்கத்துக்கு வந்தால் கோவையின் ஜி.டி. நாயுடு இருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கியவர் அவர். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. முழுவதுமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர் பின்னர் யு.எம்.எஸ். பேருந்து நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். அவருடைய பேருந்துகள் நேரம் தவறாமல் ஓடியதற்கு, எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று முதலாளிக்கே தெரிந்திருந்தது ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய நாள்களில் இந்தப் பழக்கம் நடுத்தரக் குடும்பங்களிலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது வீட்டு வேலைகளில் ஒன்று. அம்பாசடர் 2014-இல் உற்பத்தி நின்று போனது. அதற்கு வெகுநாள் முன்பே, 1983-இல் வந்த மாருதி 800, அடிக்கடி தொல்லை தராத வண்டி எப்படி இருக்கும் என்று நமக்குக் காட்டிவிட்டது. தொல்லை குறைந்தது பெரிய வரம், அதில் மறுப்பில்லை. ஆனால் தொல்லை தராத வண்டி கவனிப்பும் கேட்காது என்று நாம் தவறாகப் பொருள்கொண்டுவிட்டோம். இன்று பலர் பானட்டைத் திறக்கும் கொக்கி எங்கிருக்கிறது என்று தெரியாமலேயே வண்டியை விற்றும் விடுகிறார்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். சாலையில் உடைத்த பூசணிக்காயை அள்ளிப் போடாமல் பின்னால் வரும் இரு சக்கர வாகனத்தை வழுக்கி விழவும் வைக்கிறோம். அன்றைக்கும்கூட பானட் திறப்பதில்லை.

இன்றைய காரை யாரும் தாமே பிரித்து மாட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை, உயர் மின்னழுத்தம் உள்ள மின்சார வண்டி ஆகியவற்றில் காணொளியைப் பார்த்துக் கைவைப்பது துணிச்சல் அல்ல, அறியாமை. நாம் கேட்பது மிகச் சிறியது. வாரத்துக்குப் பத்து நிமிடம். வண்டி ஓடாமல் சமதளத்தில் நிற்கும்போது என்ஜின் ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, இரு குறிகளுக்கும் நடுவில் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பது. கூலன்ட் தொட்டியிலும் பிரேக் ஆயில் கிண்ணத்திலும் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. வண்டி நின்ற இடத்தில் தரையில் கறை இருக்கிறதா என்று குனிந்து நோக்குவது. சாக்கடை மூடியின்மேல் நிறுத்தும் நமக்கு இந்தக் கடைசி வேலை சற்றுக் கடினம்தான். ஒழுகியது ஆயிலா அழுக்கா என்று தெரியாது. பழைய செய்தித்தாளை இரவில் என்ஜினுக்கு நேர்கீழே விரித்துவைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

பெங்களூருவில் கார் வைத்திருப்பவர்கள் குறிப்பாக அறிய வேண்டிய ஒரு கணக்கு உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்தியதோ அப்போது சர்வீஸ் என்பது பல கார்களுக்கான பொதுவிதி. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 167 மணி நேரம் ஆகும். நீலசந்திராவிலிருந்து எழும்பி, ஓசூர் சாலை நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிக்கு அதே தொலைவு ஏறத்தாழ 667 மணி நேரம். கிலோமீட்டர் காட்டியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வண்டியின் என்ஜின் நான்கு மடங்கு நேரம் சுழன்றிருக்கிறது. அதன் ஆயில் நான்கு மடங்கு நேரம் சூட்டில் வெந்திருக்கிறது. கிளட்ச் எத்தனை ஆயிரம் முறை மிதிபட்டது என்பதைக் காட்டும் கருவியே வண்டியில் இல்லை. வண்டியோடு தரப்படும் கையேட்டைப் புரட்டினால், நெரிசல், தூசு, அடிக்கடி குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று வகைப்படுத்தி, அதற்குத் தனியாகக் குறுகிய சர்வீஸ் இடைவெளியைப் பரிந்துரைத்திருப்பதைப் பல நிறுவனங்களின் கையேடுகளில் காணலாம். நாம் எல்லோரும் அந்த வகையில்தான் இருக்கிறோம். வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குக் கூட்டம் வரும்போது அந்தப் பக்கம் ஒருமுறை கடந்து பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

நெரிசலில் பாதிக் கிளட்ச்சில் வண்டியை இழுத்துப் பிடிப்பதும், கியர் மாற்றாத வேளையிலும் இடது காலைக் கிளட்ச்சின்மேல் ஓய்வாக வைத்திருப்பதும் நம்மிடையே பரவலான பழக்கங்கள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமலிருக்கக் கைப்பிரேக் இருக்கிறது, கிளட்ச் அதற்கானதன்று.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலை மாநாட்டின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவாக, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்கதாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் யாரோ இரவோடிரவாகப் போட்ட, வண்ணமும் பூசாத, செங்குத்தான மேடுகள் இந்த அளவுக்குக் கிட்டவே வருவதில்லை. அவற்றின்மேல் குதிக்கும் வண்டியின் அடிவயிற்றில் இருப்பது ஆயில் தொட்டி. ஈஜிபுரா மேம்பாலப் பணி 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோது, அந்தச் சாலையை நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் சஸ்பென்ஷனுக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் செலவிட்டதை யாரும் கணக்கெடுக்கவில்லை. சாலையைச் செம்மையாக வைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று தெரிந்த அன்றே அலைன்மென்ட் பார்ப்பது டயருக்குச் செய்யும் உதவி.

டயரைப் பற்றி இரண்டு செய்திகள். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெட்ரோல் நிலைய ஊழியரின் ஊகத்துக்கு விடப்பட வேண்டியதன்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் அது அச்சிடப்பட்டிருக்கிறது. டயர் சூடேறாதபோது அளக்க வேண்டும். இரண்டாவது, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் காலாவதி என்பது பலருக்குத் தெரியும். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடாகி வெடிப்பு விடும் என்பது தெரியாது. வாரத்தில் ஆறு நாள் தெருவில் வெயில் காய்ந்து, ஞாயிறன்று மட்டும் ஓடும் நம் வண்டிகளுக்கு இந்த இரண்டாவது நோய்தான் அதிகம். பழைய கார் வாங்குவோர் பலர் வண்ணத்தையும் இருக்கை உறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த நான்கு இலக்கத்தை யாராவது படிக்கிறார்களா?

முகப்புப் பலகையில் எரியும் விளக்குகளுக்கு ஒரு மொழி உண்டு. மஞ்சள் என்றால் விரைவில் காட்டு. சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்து. எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரியும்போது வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டுபவர், சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய பழுதை லட்சக் கணக்குக்குக் கொண்டுபோகிறார். வெப்பமானி ஏறியபோதும் அப்படியே. நிறுத்தி, என்ஜினை அணைத்து, முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

பழுது பார்ப்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவுறாது. பெங்களூருவில் வண்டி உதிரிபாகம் என்றால் ஜே.சி. சாலை, அதற்கு அடுத்து சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகள். இவற்றை நம்பி நகரெங்கும், நீலசந்திராவைப் போன்ற பகுதிகளில் குறிப்பாக, இருகார் நிறுத்தும் இடத்தில் மெக்கானிக் கடை நடத்துவோர் இருக்கிறார்கள். பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். நிறுவன சர்வீஸ் நிலையத்துக்குப் போவதா, இவர்களிடம் போவதா என்ற விவாதம் ஒவ்வொரு குடும்பத்திலும் நடக்கிறது. உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்திடம் போவது புத்திசாலித்தனம். உத்தரவாதத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன்பின் ஆயில் மாற்ற, பிரேக் பேட் மாற்ற, பேட்டரி பார்க்க, நாலு வீடு தள்ளியிருக்கும் கைத்தேர்ச்சியுள்ள மெக்கானிக்கே போதும் என்பது நம் துணிபு. வண்டியின் சத்தத்தை மாதந்தோறும் கேட்கும் ஒருவருக்கு அதில் வரும் மாற்றம் காதில் படும். படிவத்தில் குறிபோடும் வேறொரு ஊழியருக்கு ஒவ்வொரு முறையும் அது புதிய வண்டி.

ஆனால் அந்த மெக்கானிக்குக்கு அசல் உதிரிபாகமும் தொழில்நுட்பத் தகவலும் கிடைக்க வேண்டுமே! அதுதான் நெடுநாள் வழக்காக இருந்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தம் முகவர்களோடு நிறுத்திக்கொண்டதாக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, ஆனாலும் வாங்கியவருக்குத் தான் விரும்பிய இடத்தில் பழுது பார்க்கும் உரிமை உண்டு என்ற பேச்சு அதன்பின் வலுப்பெற்றது. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. தெருவோர மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் நம் நடுத்தர வகுப்பு மனப்பான்மை நியாயமற்றது. அவரிடமும் விலைப்பட்டியல் கேட்கலாம். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். கேட்ட கூலியில் நூறு ரூபாய் குறைப்பதற்காகச் செலவிடும் நேரத்தில், என்ன பழுது, ஏன் வந்தது என்று அவரிடம் கேட்டால் அதைவிட அதிகம் மிச்சப்படும். குறையிருந்தால், அது பெரிய நிலையமானாலும் சிறிய கடையானாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இனி மழை. கார் உரிமையாளர்களின் அறியாமை மிகப் பெரிய விலை கொடுப்பது இங்கேதான். 2015 டிசம்பர் முதல் இரு நாள்களில் சென்னையில் பெய்த மழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. தண்ணீர் வடிந்தபின் எண்ணற்றோர் செய்த முதல் காரியம் சாவியைத் திருகிப் பார்த்ததுதான். வண்டியைக் கொன்றது பல இடங்களில் வெள்ளமல்ல, அந்தத் திருகல். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்தி நசுக்குகிறது. அங்கே தண்ணீர் புகுந்திருந்தால், தண்ணீர் நசுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில வேளை உடைந்து என்ஜின் சுவரையே துளைக்கும். தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினால், ஆயிலை மாற்றிச் சுத்தம் செய்து மீட்டுவிட வாய்ப்புண்டு. சாவியைத் திருகியபின் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

காப்பீட்டு நிறுவனமும் அங்கேதான் கைவிரிக்கிறது. வெள்ளத்தால் ஏற்பட்ட சேதம் விரிவான காப்பீட்டில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினை உரிமையாளரே இயக்கியதால் வந்த சேதம் விளைவுவழிச் சேதம், அது அடங்காது என்பது அவர்கள் வாதம். என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தால் நிலைமை வேறு. தாழ்வான பகுதியில் தெருவில் நிறுத்துபவர் எல்லாரும் அதை எடுப்பதில் நியாயமுண்டு. நீலசந்திராவுக்கு அருகே, சாந்திநகர் வழியாக ஈஜிபுரா, கோரமங்களா நோக்கிப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் பெரிய ராஜகாலுவே இருக்கிறது என்பதை மறந்துவிட்டு நாம் முடிவெடுக்கக் கூடாது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் வெளிவட்டச் சாலை, யமலூர், சர்ஜாபூர் சாலைக் குடியிருப்புகள் எல்லாம் நீரில் நின்றபோது, மிக விலையுயர்ந்த கார்களும் கூரை மட்டும் தெரியக் கிடந்தன.

உயிரையே பறித்த நிகழ்வும் இந்நகரில் உண்டு. 2023 மே 21 அன்று, திடீர் மழையில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் சென்ற காரில் சிக்கி இளம்பெண் ஒருவர் இறந்தார். நகரின் நடுவில், பட்டப்பகலில். சுரங்கப்பாதையில் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. முன்னே செல்லும் வண்டியின் சக்கரத்தில் பாதிக்குமேல் தண்ணீர் ஏறினால் திரும்பிவிட வேண்டும். தண்ணீரில் சிக்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது சன்னல் கண்ணாடியை இறக்குவது. மின்சாரம் இருக்கும்போதே இறங்கும், பிறகு இறங்காது. வெளியே நீர் அழுத்தும்போது கதவும் திறக்காது. சன்னல் வழியே வெளியேறி, வண்டியை அதன் விதிக்கு விட்டுவிடலாம், அதற்குத்தான் காப்பீடு.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் சென்னை வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பலர் கேலி செய்தார்கள். அபராதம் விதிக்கப்படுகிறது என்று செய்தி பரவ, காவல்துறை அதை மறுக்க வேண்டியதாயிற்று. நமக்கு அதில் கேலி எதுவும் தென்படவில்லை. 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்டவர்கள், தம் உடைமையைத் தாமே காத்துக்கொண்டார்கள். மேம்பாலம் வாகன நிறுத்தமாவது நகர நிர்வாகத்தின் தோல்வி என்பது வேறு பேச்சு.

காப்பீட்டுக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வண்டி முழுதும் அழிந்தால் நிறுவனம் தருவது நாம் கொடுத்த விலையை அன்று, ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பை. இரண்டாண்டு தாண்டி மூன்றாண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு விலையில் 30 விழுக்காடு கழிவு. எட்டு லட்சம் ரூபாய் வண்டி என்றால் மதிப்பு 5.6 லட்சம். அதற்கு ஏழு லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, ஏழாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறத்தாழ 11,260 ரூபாய் கட்டிவந்து, இரண்டரை ஆண்டு முடிவில் நிலுவை 5 லட்சத்துக்குச் சற்றே குறைவு. இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக் கடனுக்கே போகும். கையில் மிஞ்சுவது ஏறத்தாழ அறுபதாயிரம்; வண்டியும் இல்லை. கடன் விகிதம் இன்னும் அதிகமாகவோ தவணைக் காலம் இன்னும் நீண்டதாகவோ இருந்திருந்தால் அதுவும் இராது. முன்பணம் கூடுதலாகச் செலுத்துங்கள் என்று வங்கி சொல்வதை வங்கியின் நலத்துக்கென்று மட்டும் எண்ண வேண்டாம்.

சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் இழப்பீடு கேட்பதும் இன்னொரு பிழை. பிளாஸ்டிக் பம்பருக்குக் காப்பீட்டில் 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். எட்டாயிரம் ரூபாய் பம்பருக்கு நாலாயிரம். அதிலும் 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ஆயிரம். கிடைப்பது மூவாயிரம். இதற்காக, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குப் பரிசாகத் தரப்படும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுகிறது. முதல் ஆண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டில் 50 விழுக்காடு வரை ஏறும் சலுகை அது. சொந்தச் சேதப் பிரீமியம் ஒன்பதாயிரமாக உள்ளவர் அதில் பாதியை, நாலாயிரத்து ஐந்நூறை, இழக்கிறார். மூவாயிரம் வாங்க நாலாயிரத்து ஐந்நூறு! தேய்மானமில்லாக் காப்பீடு எடுத்தவருக்குக் கணக்கு வேறாகும். அவரும் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டே கேட்க வேண்டும். இந்தப் போனஸ் வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. வண்டியை மாற்றினாலும் உடன் வரும். காப்பீடு முடிந்து 90 நாள்கள் புதுப்பிக்காமல் விட்டால் மட்டும் மறைந்துவிடும்.

ஊரில் சந்துக்குள் உரசிக்கொள்வதோடு எல்லா விபத்தும் நின்றுவிடுவதில்லை. யாரேனும் காயமுற்றால் ஓட்டுநர் செய்ய வேண்டியதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தாலொழிய முதல் கடமையிலிருந்து தப்ப முடியாது. அப்போதும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே நேராகப் போக வேண்டும். உதவ வருபவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை இரண்டாயிரம் ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. ஆனால் அபராதம் சிறு விஷயம். காப்பீடில்லாத வண்டி ஒருவரை முடமாக்கினால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளர் தம் வீட்டை விற்றுக் கட்ட நேரிடும். அடிபட்டவரும் அதற்காக ஆண்டுக்கணக்கில் நடக்க நேரிடும்.

கடைசியாக, வண்டியை விற்பவர்களுக்கு ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததும் வண்டி நம்முடையதல்ல என்று நினைக்கிறோம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது; வண்டி பல கை மாறியிருந்தும் பதிவில் இருந்தவரே விபத்துக்குப் பொறுப்பானார். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டதோடு நில்லாமல், பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகலை வாங்கும்வரை விடக் கூடாது. கடன் தீர்ந்தவர்களுக்கும் இதுபோல் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் பதிவுச் சான்றில் உள்ள வங்கியின் பெயர் தானாக நீங்கிவிடாது. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் பெற்று, சான்று காலாவதியாகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். இந்தச் சான்றுகளை வாங்கிச் சென்று பீரோவில் வைத்துவிட்டு, நான்காண்டு கழித்து வண்டியை விற்கும் நாளில் மறுபடி கிளைக்கு வந்து நிற்கும் வாடிக்கையாளர்கள் அநேகர்.